கூம்பமலை ஏறிய காசாலட்டு

மூங்கிப்பட்டியில் மாந்தோப்பு நடக்க ஆரம்பித்தது நல்ல உச்சி வெயிலில், காக்காய் கூட வாயைப் பிளந்துகொண்டு கிணற்று மேட்டு நிழலில் ஒடுங்கிக் கிடந்த நேரத்தில். பம்புசெட்டை ஒட்டி நின்ற பெரிய காசாலட்டு மாமரம், வாய்க்காலைத் தாண்டுகிற பொம்பளை சேலையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி, ஒரு வேரை மண்ணிலிருந்து உருவித் தூக்கி ஒரு எட்டு தள்ளி ஊன்றியது. அது ஊன்றி முடித்ததும் அதற்குப் பின்னால் நின்ற மரம் எடுத்தது. அதற்குப் பின்னால் நின்றதும் எடுத்தது. அப்படியே வரிசை வரிசையாகத் தோப்பு முழுக்க, காயும் இலையுமாக, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வடக்கே கூம்பமலையைப் பார்த்து நடந்தது.

நான் அப்போது காவல் குடிசை வாசலில் உட்கார்ந்து கஞ்சியில் கை வைத்திருந்தேன். எச்சில் கையோடு எழுந்து ஓடி, "ஏய், ஏய், காயைத் தூக்கிக்கிட்டு எங்க போறீக?" என்று கத்தினேன். மரங்கள் நிற்கவில்லை. வளைகாப்புக்குப் போகிற நிறைமாசக்காரிகள் மாதிரி, ஒரு எட்டு, ஒரு மூச்சு, ஒரு எட்டு, ஒரு மூச்சு என்று போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு எட்டுக்கும் காய் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது. உதிர்ந்த ஒவ்வொன்றும் என் வயிற்றில் விழுந்தது.

ஏனென்றால் மரம் சௌந்தரபாண்டி அண்ணனுடையது, நிலமும் அவருடையது, காய் மட்டும் என்னுடையது. எங்கள் பக்கத்தில் தோப்புக் குத்தகையைப் பூவிலேயே பேசிவிடுவார்கள். கொத்துக் கொத்தாகப் பூ நிற்கும்போது அண்ணாந்து பார்த்து, இதில் எது பிஞ்சாகும், எது காயாகும், எது காற்றுக்குப் போகும் என்று மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக் கையைக் கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து கடைசிக் காய் இறங்குகிற வரைக்கும் மரம் குத்தகைக்காரி பாடு. விலையை வாயால் சொல்கிற வழக்கமும் கிடையாது. இரண்டு பேர் கைக்கு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். உதறினால் கட்டாது, உள்ளங்கையோடு உள்ளங்கை அழுத்தினால் முடிந்தது, சுற்றி நிற்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. முதல் தடவை நான் துண்டை நீட்டியபோது பொம்பளைக் கையை எப்படிப் பிடிக்கிறது என்று சந்தையே நெளிந்தது. "யோவ், தாலியா கட்டச் சொல்றேன், விலைதானய்யா கேக்குறேன்" என்று இந்த ராக்கு போட்ட சத்தத்தில் ஒரு தோப்புக்காரர் பயந்துபோய்க் கையை நீட்டினார். அன்றைக்கு உள்ளே போன கை, இன்னும் வெளியே வரவில்லை.

வெயிலும் பனியும் எங்களுக்குப் பேரச் சரக்கு. விற்கிறவர், "என்னமாப் பனி இறங்கியிருக்கு பாரு, ஒரு பூ உதிராது" என்பார். வாங்குகிற நான், "இதெல்லாம் ஒரு பனியா, பூ பூராவும் கருகிரும்" என்பேன். துண்டை உருவியதும் பனியை இரண்டு பேரும் மறந்துவிடுவோம். அந்த வருஷம் மார்கழியில் நிஜமாகவே பனி வரவில்லை. போர்வை மடித்த மடிப்பு கலையாமல் பெட்டிக்குள் கிடந்தது. தையில் பூக்க வேண்டிய மரம் மாசியில் பாதி பூத்தது, பங்குனியில் மீதி பூத்தது. ஒரே கிளையில் ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் வடு, ஒரு பக்கம் முற்றின காய் என்று, பந்தியில் பாயசத்தையும் ரசத்தையும் ஒரே இலையில் ஊற்றின மாதிரி நின்றது. பெய்யக் கூடாத நாளில் ஒரு மழை வந்து பூவை அடித்துவிட்டுப் போனது. வெயில் பட்ட பக்கம் காயின் தோல் இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரி கறுத்தது.

அத்தனைக்கும் தப்பிக் கொஞ்சம் காய் நின்றது. அது நல்லபடி பழமாகி இறங்கினால் நான் குத்தகைக்காரி. இறங்காவிட்டால் மறுபடி நத்தம் பஸ் ஸ்டாண்டு, தலையில் கூடை, நகர்கிற பஸ்ஸின் ஜன்னல் ஜன்னலாக ஓடிப் பழம் பழம் என்று கத்துகிற வாய். அங்கிருந்துதான் நான் ஏறி வந்தேன். அந்தப் பக்கம் திரும்ப எனக்குக் கால் வராது.

மரம் நடந்ததைப் பார்த்து ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. அந்தக் கோடையில் தவளை வீட்டுக் குடத்துக்குள் குடிவந்திருந்தது, தார் ரோட்டைத் தாண்ட முடியாமல் நாய்கள் இந்தப் பக்கம் நின்று அழுதன, கோழி இட்ட முட்டை வைக்கோலிலேயே அவிந்து கிடந்தது. அதனால், "பாவம், அதுகளுக்கும் சுடும்ல" என்று மூங்கிப்பட்டி சொல்லிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த கேள்வி, நிழல் போகிறதே, இனிமேல் பஸ்ஸுக்கு எங்கே நிற்பது.

நிழல் எங்கே போனதோ ஊரும் அங்கே போனது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கித் தோப்புக்குப் பின்னாலேயே வைத்தார், சாயங்காலம் மறுபடி தூக்கினார், மறுநாளும் தூக்கினார். சத்துணவுப் பிள்ளைகள் தட்டோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்து, சோறு முடிவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டதால் தட்டோடு எழுந்து நடந்துகொண்டே தின்றார்கள். டவுன் பஸ் டிரைவர் ஊருக்குள் நுழையும்போது தலையை வெளியே நீட்டி, "தோப்பு இன்னைக்கி எங்கப்பா?" என்று கேட்டு அந்தப் பக்கம் வண்டியை ஒடித்தார். மின்சார வாரியத்து ஆட்கள் வந்து, மரம் போகிற வழியில் கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டு, ஆளுக்கொரு மாவடுவை உப்பு மிளகாயோடு கடித்துக்கொண்டு போனார்கள். கிராம நிர்வாக அதிகாரி, காலையில் ஒரு சர்வே எண்ணிலும் மாலையில் ஒரு சர்வே எண்ணிலும் நிற்கிற மரத்தை எதில் ஏற்றுவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, "நின்னதும் சொல்லுங்க, வந்து எழுதிக்கிறேன்" என்றார். அம்மன் சப்பரம் வீதி வரும்போது எதிரே தோப்பு வந்துவிட்டால் யார் ஒதுங்குவது என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் தோப்பே ஒதுங்கி நின்று சப்பரத்துக்கு வழி விட்டது. "பாத்தியா, மரத்துக்கு இருக்கிற மரியாதை" என்று ஊர் தன் பிள்ளைகளைத் திட்டியது.

மலை அடிவாரத்துக்கு முன்னால் பஞ்சவர்ணத்தின் கடலைக்காடு. தோப்பு அதற்குள் இறங்கியதும் அவள் முந்தானையை இழுத்துச் சொருகி, மடியை விரித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டாள்.

"ஏய் ராக்கு, உன் மரம் என் காட்டுல நிக்குது."

"நிக்கட்டும். உன் கடலைக்கு நிழல் குடுக்குது. அதுக்கு நான் வாடகை கேட்டேனா?"

"வேலி தாண்டி விழுந்த காய் விழுந்த எடத்துக்காரிக்கு. ஊர் வழக்கம். வாயைக் குடுத்து மாத்த முடியாது."

"காத்து அடிச்சு விழுந்தாத்தான்டி அது வழக்கம். இது நடந்து வந்து விழுகுது. விருந்தாளி சட்டைப் பையில இருந்து விழுந்ததெல்லாம் உன்னுதா?"

"ஆமா, விருந்தாளி! செருப்போட என் கடலையை மிதிச்சுக்கிட்டு வந்த விருந்தாளி!"

கூட்டம் கூடிவிட்டது. நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் விழுந்ததில் பாதிக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டு, ஒத்துக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு காயை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி தின்பது என்று அரிவாள்மனையைக் கொண்டு வந்தாள். அருமையான காய். முற்றி, தோள் உப்பி, தொப்புளில் மஞ்சள் ஏறி, எந்தச் சந்தையிலும் தலைநிமிர்ந்து நிற்கிற காய். அவள் அதை வெட்டினாள். வெட்டிய கை அப்படியே நின்றது.

உள்ளே சதை இல்லை. கொட்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது, அதிலிருந்து ஆவி வந்தது. அடுப்பில் வைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், மரத்தில் தொங்கியபடியே அது வெந்திருந்தது. பஞ்சவர்ணம் ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பினாள். "என்னடி இது," என்றாள், சண்டைக் குரல் போய் வேறு குரலில். "மெழுகுவத்தியைத் தின்ன மாதிரி இருக்கு." இன்னொன்றை வெட்டினோம். அதுவும் அப்படித்தான். இன்னொன்று. அவள் மடியை உதறி எல்லாவற்றையும் என் பக்கம் கொட்டிவிட்டு, "பாதியும் வேணாம் ஆத்தா, நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். பேரத்தில் ஜெயித்த சரக்கை அங்கேயே போட்டுவிட்டு நடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

சௌந்தரபாண்டி அண்ணனைப் போய்ப் பிடித்தேன். அவர் தோப்பு இருந்த இடத்தில், பல் பிடுங்கின ஈறு மாதிரி குழி குழியாகக் கிடந்த நிலத்தின் நடுவே மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

"அண்ணே, மரம் உங்களுது. கூப்பிட்டா வரும். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"காய் இறங்குற வரைக்கும் மரம் உன் பாடு ராக்கு. நான் வளத்த மகனே நான் சொல்லி நின்னதில்லை, திருப்பூருக்குப் போயிட்டான். மரம் நிக்குமா?" என்றார். பிறகு ஒரு குழிக்குள் குனிந்து மண்ணை அள்ளி என் கையில் கொட்டினார். கையை உதறிவிட்டேன். வறுத்த மணல் மாதிரி சுட்டது. மரம் ஏன் போனதென்று அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

தோப்பு மலையில் ஏறத் தொடங்கியது. நானும் பறிப்புக்காரர் அந்தோணியும் தொரட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஏறினோம். அந்தோணி, நான் கூடைக்காரியாக இருந்த காலத்திலிருந்தே மரம் ஏறுகிறவர், நான் கத்தினால் பதிலுக்குக் கத்துகிற ஒரே ஆள். பாறை இடுக்கில் வேர் வைத்து, சறுக்கி, மறுபடி வைத்து, மரங்கள் ஏறிய சத்தம் மலை முழுக்க முனகல் மாதிரி கேட்டது. பாதி மலையில், விடிகிற நேரத்தில், எனக்கு ஒரு வாசனை வந்தது. முன்னால் போன பெரிய காசாலட்டில் ஒரு கிளை, அதில் ஒரு காய், அதன் காம்படியில் அந்தப் பழைய வாசனை. பழத்தை வெட்டாமலே தெருவுக்குச் சொல்கிற வாசனை. பறித்து வெட்டினேன். கொட்டையை ஒட்டி ஒரு கீற்று, விரல் நகம் அளவுதான், மஞ்சளாக, சதையாக, நிஜமாக இருந்தது.

"அந்தோணியண்ணே! மேல போகப் போகச் சரியாகுதுண்ணே! உச்சிக்குப் போயிட்டா அத்தனையும் பழமாயிரும்!"

அந்தோணி அந்தக் கீற்றை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து பின்னால் காட்டினார். கடைசி வரிசையில் ஓர் இளம் கல்லாமணி மாமரம், தலை கனக்கக் காய்த்த மரம், ஒரு வேரைத் தூக்கியது, தூக்கியதை ஊன்ற முடியாமல் ஆடியது, பிறகு சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது, உட்கார்ந்தபடி சாய்ந்தது. நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் அதன் இலை முழுக்க அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் கூட வந்தது.

"சுமை தாங்கலை," என்றார் அந்தோணி. "காயை இறக்கிருங்க ராக்கு."

"இப்பவா? பச்சைக் காயையா? இதை எவன்யா வாங்குவான்? இன்னும் கொஞ்சம் மேல போனாப் பழம்!"

"பழம் போனா அடுத்த வருஷம் வரும். மரம் போனா வராது."

"உமக்கென்ன, பறிப்புக் கூலி பறிச்சாலும் உண்டு, பாத்தாலும் உண்டு! தெருவுக்கு வரப்போறது நான்!"

"ஆமா, நீ பெரிய மகாராணி, நான் உன் பல்லக்குத் தூக்கி! அந்த மரத்தைப் பாரு, எப்படி மூச்சு வாங்குது. கூடைக்காரிக்குச் சுமைன்னா என்னன்னு நான் சொல்லித் தரணுமா?"

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். அவரும் ஒன்று சொன்னார். பிறகு நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, முன்னால் நின்ற பெரிய காசாலட்டின் தாழ்ந்த கிளையில் போட்டு மூடி, உள்ளே கையை விட்டேன். இதுவரைக்கும் எந்த மனுஷனும் என்னிடம் துண்டுக்குள்ளே தப்பியதில்லை. மரத்திடமும் பேசிப் பார்ப்போம். உச்சி வரைக்கும் காயைச் சுமந்து வா, இறங்கியதும் வேருக்கு லாரி லாரியாகத் தண்ணீர் விடுகிறேன், எரு வைக்கிறேன், அடுத்த வருஷம் உன் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று விரலால் கேட்டேன். பிறகு ஒரு நுனிக் கொப்பு என் விரலைத் தேடி வந்து பிடித்தது.

சுட்டது. என் முதல் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் போய்விட்ட பிள்ளை, அன்றைக்கு அதன் கை எப்படிச் சுட்டதோ அப்படிச் சுட்டது. அது விலை கேட்கவில்லை. உதறவில்லை, அழுத்தவும் இல்லை. ஜுரம் கண்ட பிள்ளை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கூடத் தெரியாமல், கைக்குக் கிடைத்த விரலைப் பிடித்துக்கொள்ளுமே, அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. துண்டுக்குள்ளே எத்தனையோ கையைப் பிடித்திருக்கிறேன். உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. கையை உருவி எடுத்தபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"இறக்குங்கண்ணே," என்றேன். "எல்லாத்தையும் இறக்குங்க. ஒரு காய் மிச்சம் வைக்கக் கூடாது."

கீழே குரல் கொடுத்தோம். டீக்கடைக்காரர் வந்தார், பஸ் டிரைவர் வந்தார், சத்துணவு ஆயா வந்தார், சண்டை போட்ட பஞ்சவர்ணமும் சும்மாட்டுத் துணியோடு வந்தாள். தொரட்டி போதாமல் கையால், கம்பால், மரத்துக்கு மரம் ஏறி உலுக்கி, காயை இறக்கினோம். இறக்கிய காய் நிற்கவில்லை. பச்சைக் காய் மொத்தமும் மலைச்சரிவில் உருண்டு, பாறைக்குப் பாறை தாவி, கடகடவென்று கல்மாரி மாதிரி மூங்கிப்பட்டிக்குள் இறங்கி, தெருவை நிறைத்து, வாசலை நிறைத்து, கிணற்றுக்குள் தொப் தொப்பென்று விழுந்தது. கீழே இருந்தவர்கள் ஆச்சரியப்படாமல் ஊறுகாய் போட உப்பு வாங்கக் கடைக்கு ஓடினார்கள். அன்றைக்கு மூங்கிப்பட்டியில் உப்பு தீர்ந்துபோனது. என் வருஷம் முழுக்க என் கண் முன்னாலேயே உருண்டு போவதை நின்று பார்த்தேன். கடைசிக் காய் காம்பிலிருந்து விட்டதும் பெரிய காசாலட்டு ஒரு பெருமூச்சு விட்டது. குத்தகை முடிந்தது. இனி மரம் என் பாடு இல்லை. ஆனாலும் கூடவே ஏறினேன்.

சுமை இறங்கிய மரங்கள், நம்ப மாட்டீர்கள், ஓடின. கிளையை வீசி வீசி, குமரிப் பெண்கள் மாதிரி, பாறையைத் தாண்டித் தாண்டி ஓடின. ஒன்று கூட விழவில்லை. "போங்கடி, போங்கடி" என்று கத்திக்கொண்டே பின்னால் நானும் ஓடினேன். காய் போனால் போகட்டும், கூடை தூக்கின தலைதானே, தூக்கிக்கொள்ளலாம், இதுகள் பிழைத்தால் அடுத்த பூவுக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

உச்சிக்கு வந்தோம். ஒரு களம் அளவுக்கு மொட்டைப் பாறை, நடுவில் துருப்பிடித்த ஒரு வேல். காற்று அடித்தது. நான் அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டினேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. குனிந்து பாறையைத் தொட்டேன். தோசைக்கல். தோப்பு முழுக்க வந்து அந்தப் பாறையில் நெருக்கியடித்து நின்றது. பெரிய காசாலட்டு இன்னும் ஒரு வேரைத் தூக்கி, அடுத்த எட்டுக்கு மேலே இடம் தேடிக் காற்றில் துழாவியது. இந்தப் பக்கம் துழாவியது, அந்தப் பக்கம் துழாவியது.

"ஏன் அண்ணே," என்றேன் அந்தோணியிடம், "இதுக்கு மேல மலை இல்லையா?"

அந்தோணி மலையின் அந்தப் பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். சரிவு முழுக்கப் பச்சையாக ஏதோ அசைந்து வந்துகொண்டிருந்தது. எலுமிச்சை. அதற்குப் பின்னால் கொய்யா. அதற்கும் பின்னால், அடிவாரத்தில், தலையை ஆட்டி ஆட்டி வரிசையாகத் தென்னை. தென்னைக்கும் அப்பால் புழுதி, புழுதிக்குள் என்ன வருகிறது என்று தெரியவில்லை.

எலுமிச்சைக்கு முன்னால், கையில் தொரட்டியும் தலையில் முண்டாசுமாக, முகம் தெரியாத ஒருத்தர் மூச்சிரைக்க ஏறி வந்தார். அவரும் குத்தகைக்காரர்தான், கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, ஆள் இருக்கீகளா! தாயீ, கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வாரோம். மேல குளுந்து கெடக்கும்னு நம்பி வந்துருச்சுக. கொஞ்சம் தள்ளிக்கங்க தாயீ, ஓரமா நின்னுக்கிரும், வம்பு பண்ணாது."

சந்தையில் எவனுக்கும் நான் இடம் விட்டதில்லை. சரி, இவருக்கு விடலாம் என்று, பின்னால் மரம் நெருக்கியதால், பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தேன். வைத்த காலுக்குக் கீழே பாறை முடிந்திருந்தது.